பிடித்த முயலே போதும்

ஆம்பூரில் சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்குகிறீர்கள். தெருமுனையில் பக்கத்து வீட்டு அக்கா அட்டைப்பெட்டியோடு நிற்கிறார். உள்ளே வெள்ளை முயல் ஒன்று, மூக்கு துடிக்க ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. "நீதான் ஏற்கெனவே ரெண்டு வளக்கிறியே, இதையும் வெச்சுக்கம்மா. இல்லன்னா கறிக்குத்தான் போயிடும்."

கை தானாகப் பெட்டிக்குள் போகும் அந்த நொடிக்காகவே இந்த வழிகாட்டி. ஒற்றை முயல் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. முயலுக்குத் துணை வேண்டும். தகுந்த ஜோடி கிடைத்தால் நல்லதே. இரண்டு மூன்று வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்கும் மனசு இளகுகிறவர்களுக்குத்தான் இது.

1. பெட்டியை வாங்காதீர்கள், அவகாசம் வாங்குங்கள்

தூக்கிப் பார்க்க வேண்டாம். போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். பேர் மட்டும் வைக்கவே வேண்டாம். பேர் வைத்துவிட்டால் அது உங்கள் வீட்டு முயல். "நாளைக்குக் காலையில சொல்றேங்க்கா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். கீழே உள்ள கணக்குகளை அன்று ராத்திரி போட்டுப் பாருங்கள்.

2. மே மாதத்தை வைத்து இடத்தை அளந்து பாருங்கள்

மார்கழியில் எந்த வீட்டிலும் இன்னொரு முயலுக்கு இடம் இருக்கும். கத்திரியில் இருக்குமா என்பதே கேள்வி. வேலூர்ப் பக்கம் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும். நம்மைப் போல அதற்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே மத்தியானம் அந்தக் காது என்ன செய்யும்?

ஐஸ் பாட்டிலை எண்ணிப் பாருங்கள். ஒரு முயலுக்குக் கூண்டில் ஒன்று, ஃப்ரீசரில் ஒன்று என மாற்றி மாற்றி வைக்க இரண்டு பாட்டில் வேண்டும். இரண்டு முயலுக்கு நான்கு, மூன்றுக்கு ஆறு. உங்கள் ஃப்ரீசரில் எப்போதும் மூன்று பாட்டில் நிற்குமா? கரண்ட் போனால்?

3. பகலில் வீட்டில் யார் என்று பாருங்கள்

முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தீனியைத் தொடாவிட்டால் குடல் இயக்கம் நின்றுபோயிருக்கலாம், அது ஆபத்து. இரண்டு முயல் என்றால் எது சாப்பிடவில்லை என்று தட்டையும் புழுக்கையையும் பார்த்தே சொல்லிவிடலாம். நான்கு சேர்ந்துவிட்டால், கம்பெனிக்குப் போய்த் திரும்பிய களைப்பில் அது கண்ணில் படாது.

வீட்டிலேயே ஷூவுக்கு அப்பர் (மேல்பாகம்) தைக்கிறீர்களா? தோல் துண்டு, நூல், சொல்யூஷன் டப்பா எல்லாம் தரையில்தான் கிடக்கும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் முயல் கண்டதையும் கொறிக்கும். ஒன்று கூடினால் காவலும் கூட வேண்டும்.

கால்நடை மருத்துவமனைகளுக்கு இங்கே அதிகம் வருவது மாடும் ஆடும்தான். முயல் பார்த்துப் பழகிய டாக்டர் யார், ஞாயிற்றுக்கிழமை கிடைப்பாரா என்று போன் போட்டுக் கேளுங்கள். நன்றாக வளர்த்தால் முயல் எட்டுப் பத்து வருஷம் இருக்கும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை காலேஜ் முடிக்கும்வரை புல் அறுக்க வேண்டும்.

4. ஒன்று ஏழாகும் கணக்கு

"இது ஆண்தான்" என்று கொடுப்பவர் சொல்வதை நம்பாதீர்கள். குட்டியில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கே தப்பும். சினைக்காலம் சுமார் 31 நாள். ஒரு ஈற்றில் ஆறு குட்டி சாதாரணம். ஈன்ற அன்றே மறுபடி சினைப்படவும் முடியும். பெட்டியில் வருவது ஒன்றாகத் தெரிந்தாலும், சினையாக இருந்தால் வந்தது ஏழு.

5. வீட்டில் இருப்பவற்றின் பக்கம் நின்று யோசியுங்கள்

பழகிய ஜோடிக்கு நடுவே புதிதாக ஒன்றை விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். நன்றாக இருந்த ஜோடியே பிரிந்துபோகலாம். காதுச் சொறி, சளி போன்றவையும் கூடவே வரலாம். அதனால் புது முயலைக் குறைந்தது இரண்டு வாரம் வேறு அறையில் வைக்க வேண்டும். அந்த அறை எது என்று சட்டென்று சொல்ல முடியாவிட்டால் பதில் கிடைத்துவிட்டது.

6. ஒரே வரியில் மறுத்துவிடுங்கள்

காரணங்களை அடுக்காதீர்கள். "இடமில்ல" என்றால் "கூண்டு நான் தர்றேன்" என்பார்கள். "நேரமில்ல" என்றால் "அது பாட்டுக்குக் கிடக்கும்" என்பார்கள். "இருக்கற ரெண்டையே ஒழுங்கா பாக்கணும்க்கா, இன்னொண்ணு வைக்க மாட்டேன். ஆனா இதுக்கு ஆள் தேடித் தர்றேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். கறிக்குப் போய்விடும் என்ற பயத்துக்கும் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மருந்து இருக்கிறது.

7. சொன்னபடி ஆள் தேடுங்கள்

பழைய கூண்டையோ ஒரு வாரத் தீனியையோ கொடுங்கள். வாட்ஸ்அப்பில் விசாரியுங்கள். கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி: வெயிலுக்கு எங்கே வைப்பீர்கள், பகலில் யார் பார்ப்பார்கள், வேறு முயல் இருக்கிறதா. தற்காலிகமாக வைத்துக்கொள்ள நேர்ந்தால், கொடுத்தவர் எதிரிலேயே காலண்டரில் கடைசித் தேதியைக் குறியுங்கள்.

பாலாற்றங்கரையிலோ ஏலகிரி அடிவாரத்திலோ விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். கூண்டில் வளர்ந்தது ஒரு ராத்திரியில் நாய்க்கு இரையாகும். பட்டினியில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பெட்டியில் இருப்பது காட்டு முயலா என்றும் பாருங்கள். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

8. கணக்கை ஒட்டிவையுங்கள்

மனசு அடங்கவில்லையா? மூன்றாவதுக்குச் செலவழிக்க நினைத்ததை இருக்கும் இரண்டுக்குச் செலவழியுங்கள்: கூண்டுக்கு மேல் ஈரச் சாக்கு, ஓடித் திரிய இன்னும் இரண்டடி இடம், ஒரு கட்டுக் குதிரைமசால்.

பிறகு ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: கூண்டு 2, பாட்டில் 4, முயல் 2. தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று பிடிவாதக்காரர்களைக் கேலி செய்வார்கள். அடுத்த அட்டைப்பெட்டி வரும் நாளில் அந்தப் பேர் உங்களுக்கு வந்தால் வரட்டும்.