தொண்டையில் தொடங்கி மூளையைத் தொடும் நோய்

கையெழுத்து கோணினால் ஆசிரியை கண்டிப்பார். தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டால் அம்மா அதட்டுவார். செபவேளையில் நெளிந்தால் சிஸ்டர் கண்ணாலேயே எச்சரிப்பார். இவை பள்ளிப் பிள்ளைகளாகிய நமக்குப் புதியவை அல்ல. பெரும்பாலும் நம் கவனக்குறைவே காரணம். ஆனால் மிகச் சிலரிடத்தில் இவை மூன்றும் ஒரு நோயின் அடையாளங்களாக இருக்கக்கூடும். அந்த நோயைப் பற்றி நாங்கள் படித்தறிந்ததை இம்மலரில் எழுத விரும்புகிறோம்.

பத்து வயது மாணவி ஒருத்தி இருப்பதாக எண்ணிக்கொள்வோம். முத்து முத்தாக எழுதுகிறவள். காலாண்டுத் தேர்வுச் சமயத்தில் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கினாள். நான்கு நாளில் பள்ளிக்கு வந்துவிட்டாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது அவள் எழுத்து கிறுக்கலாகிறது. சோற்றை எடுத்த கை வாய்க்குப் போகும் வழியிலேயே உதறுகிறது. முகம் தானாகக் கோணுகிறது. காரணமின்றி அழுகிறாள், எரிந்து விழுகிறாள். தூங்கும்போது மட்டும் உடல் அமைதியாகிவிடுகிறது. "வேண்டுமென்றே செய்கிறாள்" என்பார் ஒருவர். "கண்ணேறு பட்டிருக்கிறது" என்பார் மற்றொருவர். "எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள், மந்திரிக்க வேண்டும்" என்பார் இன்னொருவர். அந்தத் தொண்டை வலியை மட்டும் எவரும் நினைப்பதில்லை. அது வந்துபோய் மூன்று மாதம் ஆகிவிட்டதே!

பழைய நோய்

இந்நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1686-ஆம் ஆண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விவரித்து எழுதினார். அதனால் இதற்குச் சிடன்ஹாம் கொரியா என்று பெயர். கொரியா என்பது நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பிய மக்கள் இதனைப் புனித வீத்துஸ் நடனம் என்றார்கள். வீத்துஸ் ஆதித் திருச்சபையின் இளம் வேதசாட்சி. உடல் உதறும் நோயுற்றோர் அவருடைய மன்றாட்டை நாடுவது அங்கே வழக்கம்.

5 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளையே இந்நோய் பெரும்பாலும் பற்றுகிறது. அதிலும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளே அதிகம். பெண்கள் பள்ளியின் மலரில் இதைப் பற்றி எழுத இதுவே போதிய காரணம் அல்லவா?

காவலர் செய்யும் பிழை

இந்நோயின் மூலம் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி. நுண்ணோக்கியில் பார்த்தால் கோத்த மணிகளைப் போல் வரிசையாகத் தெரியும். இந்தக் குடும்பத்துக் கிருமிகளை ஏ, பி, சி என்று பிரித்து 1933-இல் வகைப்படுத்தியவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி.

கிருமி தொண்டைக்குள் புகுந்ததும் நம் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் கிருமியின் மேற்பரப்பை அடையாளம் கண்டு, அதனைப் பற்றிப்பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, கிருமிக்கு ஏற்ற எதிர்ப்பொருள். ஆனால் இந்தக் கிருமியின் சில பகுதிகள் நம் உடலின் சில பகுதிகளை ஒத்திருக்கின்றன. திருடனின் சட்டையைப் போலவே சட்டை போட்டிருந்த வீட்டுப் பிள்ளையை, இருட்டில் காவற்காரர் அடித்துவிடுவதைப் போன்றது இது. அடி மூட்டுகளிலும் இதயத்திலும் விழுந்தால் ருமாட்டிக் காய்ச்சல். மூளையில் விழுந்தால் கொரியா. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வருவதும் உண்டு.

நம் மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்பணுத் திரள்கள் மாட்டுவண்டிக்காரன் கையில் உள்ள மூக்கணாங்கயிற்றைப் போன்றவை. எந்த அசைவை விடுவது, எதை அடக்குவது என்று அவையே முறைப்படுத்துகின்றன. கொரியா கண்ட பிள்ளைகளின் இரத்தத்தில் இத்திரள்களைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1976-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். அதே எதிர்ப்பொருள் கிருமியையும் பற்றுகிறது, நரம்பணுவையும் பற்றித் தூண்டுகிறது என்று 2003-இல் மேடலின் கன்னிங்ஹாம் என்ற அம்மையாரின் குழுவினர் காட்டினர்.

இரத்தத்தில் உள்ள எல்லாம் மூளைக்குள் நுழைய முடியாதபடி இயற்கை ஒரு தடுப்புச்சுவரை வைத்திருக்கிறது. அப்படியிருக்க இவை எப்படி உள்ளே போயின? 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. எலிகளின் மூக்கில் இக்கிருமியைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது, அதனை எதிர்த்துப் புறப்பட்ட வெள்ளை அணுக்கள் வாசனை நரம்பின் வழியே மூளைக்குள் சென்றன. தடுப்புச்சுவரும் கசியத் தொடங்கியது. அந்த ஆய்வுக் கட்டுரையில் முதலில் நிற்கும் பெயர் தாமோதரம்பிள்ளை திலீபன் என்னும் தமிழ்ப் பெயர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

மனமும் மாறும்

கொரியா வந்த பிள்ளைகளிற் பலருக்கு, கை உதறும் முன்பே மனம் அலைக்கழிவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஒரே எண்ணம் விடாமல் சுற்றுகிறது. கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவத் தோன்றுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்ற அதே சிறு குற்றத்தைத் திரும்பவும் திரும்பவும் சொல்லத் தோன்றுகிறது. இதனைப் பக்தி மிகுதி என்றோ பிடிவாதம் என்றோ நினைத்துவிடலாம்.

1998-இல் அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோவும் அவருடன் பணியாற்றியோரும் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். இவர்களுக்குக் கொரியா இல்லை. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயை அடுத்து, இத்தகைய எண்ணங்களோ, கண் சிமிட்டுதல், தோள் குலுக்குதல் போன்ற அசைவுகளோ திடீரென வந்தன. இந்நிலைக்குப் பாண்டாஸ் என்று பெயரிட்டனர். இது தனி நோய்தானா, கிருமியின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆகவே கண் சிமிட்டும் பிள்ளைக்கெல்லாம் தொண்டைக் கிருமிதான் காரணம் என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. திடீரென்று மாறிய பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதில் மட்டும் இரு கருத்து இல்லை.

நாம் செய்யக்கூடியவை

அச்சம் வேண்டாம். பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலியில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் இக்கிருமியால் வருவது. அவர்களிலும் மிகச் சிலருக்கே பின்விளைவு உண்டாகிறது. 2001-02-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கிராமப்புறப் பள்ளிகளில் 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்ததில், ருமாட்டிக் இதயநோய் இருந்தது 157 பேருக்கு. ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அந்த 157 பேருக்கும் தாய் தந்தையர் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாமா?

காய்ச்சலுடன் தொண்டை வலி வந்து, விழுங்க முடியாமல், கழுத்தில் நெறி கட்டினால் குருவிகுளத்தில் உள்ளோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். இக்கிருமிதான் என்று மருத்துவர் கண்டால் பென்சிலின் தருவார். நோய் தொடங்கிய ஒன்பது நாளுக்குள் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். பத்து நாள் மாத்திரை என்றால் பத்து நாளும் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் வலி நின்றதும் நிறுத்துவது தவறு. கடையில் நாமாகக் கேட்டு வாங்குவது அதைவிடத் தவறு.

கொரியா வந்துவிட்டாலும் பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும். ஆனால் உதறல் நின்றதும் மருத்துவமனையை மறந்துவிடக் கூடாது. இவர்களில் பலருக்கு இதய வால்வும் பழுதுபட்டிருக்கும். அதற்கு எக்கோ பரிசோதனை வேண்டும். கிருமி மறுபடி தாக்காதிருக்க, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை நீடித்த பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டும். ஊசிக்குப் பயந்து விட்டுவிட்டால், மறுமுறை வரும் தொண்டை வலி இதயத்தை மேலும் கெடுக்கும். திருமண வயதில் மூச்சு வாங்கி நிற்கும் பெண்ணின் துன்பம் சில வேளைகளில் இப்படி விடுபட்ட ஊசியில் தொடங்குகிறது. 2013 முதல் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வரும் சிறார் நல மருத்துவக் குழுவினர் தேடும் முப்பது வகைக் குறைகளில் இந்த இதயநோயும் ஒன்று. அவர்கள் வரும் நாளில் வீட்டில் தங்கிவிடாதிருப்போம்.

பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. நன்றாக எழுதிய பிள்ளை திடீரென்று கிறுக்கினால், அமைதியான பிள்ளை திடீரென்று மாறினால், பிரம்பை எடுக்கும் முன் "அண்மையில் தொண்டை வலித்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நேர்ந்துகொண்ட மெழுகுதிரியை ஏற்றுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். தோழியரே, பக்கத்தில் இருப்பவளின் கை உதறினால் சிரிக்காதீர்கள். அவள் சும்மா இருக்கத்தான் முயல்கிறாள், அவளால் முடியவில்லை. ஆசிரியையிடம் போய் அதைச் சொல்வதே நாம் அவளுக்குச் செய்யும் பேருதவி.