ஒரு நாளுக்கு ஒரு பழைய நகரம்: சுவிஸில் எதைத் தெரிவுசெய்வது?

யாழ்ப்பாணத்திலிருந்தோ இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் சுவிசுக்கு வந்தால், அவர்களைக் கூட்டிப்போகும் இடங்கள் பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும்: ஒரு பனிமலை, ரைன் நீர்வீழ்ச்சி, ஒரு சொக்லேட் தொழிற்சாலை. பழைய நகரங்களுக்கு ரயில் மாறுகிற இடைவெளியில் அரை மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. இது உண்மையான இழப்பு. மலைக்குப் போவதைவிட மிகக் குறைந்த செலவில், வானிலை கெட்டாலும் கெடாத ஒரு நாளை இந்த நகரங்கள் தரும். எண்ணூறு ஆண்டுக்கு முன் போட்ட தெருவில் இன்றும் மனிதர் குடியிருக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

பக்கத்து ஜேர்மனியில் நியூரம்பேர்க், பிராங்பேர்ட் போன்ற நகரங்களின் பழைய மையங்கள் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் அழிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டவை. சுவிஸ் நகரங்கள் பெரும்பாலும் அந்த அழிவிலிருந்து தப்பின. அதனால் குறுகிய பயணத்துக்கு இங்கே தெரிவுகள் நிறைய உண்டு. எதை விடுவது என்பதுதான் சிக்கல்.

நான் சொல்லும் விதி ஒன்றுதான். ஊரின் புகழைப் பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள். கூட வருகிறவரைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மம்மாவுக்கு ஏற்ற ஊர் வேறு, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற ஊர் வேறு. ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும். மிக அருகிலிருந்தால் மட்டும் இரண்டு.

பேர்ண்: மழை நாளுக்கும் முதியவர்களுக்கும்

ஒரே ஓர் ஊர்தான் பார்க்க முடியும் என்றால் பேர்ணுக்குப் போங்கள். 1191இல் சேரிங்கன் கோமகன் ஐந்தாம் பெர்ச்டோல்ட் நிறுவிய நகரம். ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவிலுள்ள மேட்டில் தெருக்கள் நீளமாகக் கிடக்கின்றன. 1405இல் பெருந்தீயில் மரவீடுகள் அழிந்தன. அதன்பின் ஊர் மணற்கல்லால் எழுந்தது. இன்று நாம் காணும் சாம்பற்பச்சை நிறம் அப்படி வந்ததுதான். 1983இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இங்குள்ள பெரும் வசதி, வீடுகளின் கீழ்த்தளத்தில் தெரு நீளத்துக்கும் ஓடும் வளைவு நடைபாதை. ‘லௌபன்’ என்பார்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 6 கிலோமீற்றர். மழையோ பனியோ கொட்டினாலும் குடையில்லாமல் நடக்கலாம். நடக்கக் கஷ்டப்படுகிறவர்கள் ரயில் நிலையத்தில் 12ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால், அது பழைய நகரத்தின் நடுத்தெரு வழியாகவே போய்க் கரடிப் பூங்காவில் இறக்கிவிடும். அங்கிருந்து மெதுவாக மேல்நோக்கி நடந்து வரலாம், அல்லது அதே பேருந்தில் திரும்பலாம்.

தவறவிடக்கூடாதவை மூன்று. முதலாவது, சிட்குளொக்க என்ற மணிக்கூட்டுக் கோபுரம். அதன் பொம்மைகள் ஒவ்வொரு மணி அடிப்பதற்கும் சில நிமிடம் முன்பே அசையத் தொடங்கிவிடும். சரியாக மணிக்குப் போனால் பாதிக் காட்சி முடிந்திருக்கும். இரண்டாவது, 1421இல் தொடங்கி 1893இல்தான் கோபுரம் நிறைவுபெற்ற மியூன்ஸ்டர் பேராலயம். சுமார் 100 மீற்றர் உயரம். சுவிஸில் இதைவிட உயர்ந்த தேவாலயக் கோபுரம் இல்லை. மேலே ஏற முந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ஏறாதவர்கள் வாசலிலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பங்களை நின்று பார்த்தாலே போதும். மூன்றாவது, கிராம்காசே 49ஆம் இலக்க வீடு. 1905இல் இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளை எழுதிய காலத்தில் ஐன்ஸ்டைன் குடியிருந்த வாடகை வீடு அது.

தமிழருக்குப் பேர்ணில் இன்னொரு காரணமும் உண்டு. நகர மையத்திலிருந்து எஸ்-பான் ரயிலில் சில நிமிடத்தில் ஒயிரோப்பாபிளட்ஸ். அங்கே 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் சைவநெறிக்கூடத்தின் ஞானலிங்கேச்சுரர் ஆலயம் இருக்கிறது. வழிபாடு தமிழில் நடக்கிறது. பள்ளிவாசல், பௌத்த நிலையம், கிறிஸ்தவ வழிபாட்டிடம் எல்லாம் அதே கூரையின் கீழ். முதியவர்களோடு போகும் நாளில் காலை பழைய நகரம், மாலை ஆலயம் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் மனம் நிறையும்.

லுசேர்ன்: முதல்முறை வருவோருக்கு

ஏரி, மலை, பழைய நகரம் மூன்றையும் ஒரே நாளில் காட்ட வேண்டுமென்றால் லுசேர்ன். சூரிச்சிலிருந்து முக்கால் மணித்தியாலம் அளவில் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் கப்பெல்புரூக்க என்ற கூரையிட்ட மரப்பாலம். 14ஆம் நூற்றாண்டில் நகரின் அரணில் ஒரு பகுதியாகக் கட்டப்பட்டது. ஆற்றைக் கோணலாகக் கடப்பதன் காரணம் அதுதான். 1993 ஓகஸ்ட் 18 அதிகாலை தீப்பற்றிப் பெரும்பகுதி எரிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் திரும்பத் திறந்தார்கள். கூரைக்குக் கீழே முக்கோணப் பலகைகளில் இருந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பாலானவை அந்தத் தீயில் போயின. ஆகவே நடக்கும்போது மேலே பாருங்கள்: தப்பிய ஓவியங்கள் எவை, வெறுமையாக நிற்கும் இடங்கள் எவை என்று தெரியும்.

பெரும்பாலானோர் இந்தப் பாலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். சற்றுக் கீழே இன்னொரு மரப்பாலம், ஸ்புரொயர்புரூக்க. மன்னனையும் பிச்சைக்காரனையும் ஒரேபோலச் சாவு கைபிடித்து அழைத்துப்போகும் ஓவியத் தொடர் அதில் இருக்கிறது, கூட்டமும் குறைவு. அதற்கு மேலே மேட்டில் ஒன்பது கோபுரங்களோடு மூசெக் மதில். 1535ஆம் ஆண்டு மணிக்கூடு இருக்கும் சிட் கோபுரத்துக்கு ஒரு சலுகை உண்டு: ஊரிலுள்ள மற்ற மணிக்கூடுகளுக்கு ஒரு நிமிடம் முந்தி அது அடிக்கலாம். மதிலில் ஏறக் கட்டணமில்லை, ஆனால் குளிர்காலத்தில் மூடியிருக்கும், படிகளும் செங்குத்து.

லுசேர்னின் குறை கூட்டம். கோடையில் முற்பகலிலேயே பாலத்தில் நகர முடியாது. காலை ஒன்பதுக்கு முன் இறங்கினால் ஊர் உங்களுடையது.

ஸ்டைன் அம் ரைன், சவ்ஹவுசன்: ஓவியமும் ஆறும்

ரைன் வீழ்ச்சிக்கு எப்படியும் போவீர்கள். பக்கத்திலேயே இருக்கும் சவ்ஹவுசன் நகரத்தைப் பார்க்காமல் திரும்புவது சரியில்லை. அந்த ஊர் பிறந்ததே வீழ்ச்சியால்தான். படகுகள் அதைத் தாண்ட முடியாமல் சரக்கை இறக்கி வண்டியேற்ற வேண்டியிருந்தது. இறக்கிய இடத்தில் சந்தை வந்தது, வணிகர் வந்தார்கள், பணம் வந்தது. அந்தப் பணத்தின் அடையாளம், வீட்டு முகப்பிலிருந்து தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அலங்காரச் சாளரங்கள், மொத்தம் 171. மேலே 1564 முதல் 1589 வரை கட்டிய முனொட் என்ற வட்டக்கோட்டை. இன்றும் அங்கே ஒரு காவலர் குடியிருந்து இரவு ஒன்பதுக்குக் கையால் மணி அடிக்கிறார்.

ஸ்டைன் அம் ரைன் இன்னும் சிறியது. நகரமண்டபச் சதுக்கத்தைச் சுற்றிய வீடுகளின் முகப்பெல்லாம் ஓவியம். எல்லாம் ஒரே காலத்தவை அல்ல: வெள்ளைக் கழுகு என்ற வீட்டிலுள்ளது 1520களைச் சேர்ந்தது, பல ஓவியங்கள் 1900ஐ ஒட்டித் தீட்டப்பட்டவை. பழையதை அழகாகப் பேணும் ஊர்களுக்குக் கொடுக்கும் வாக்கர் பரிசு 1972இல் முதன்முதலாக இந்த ஊருக்குத்தான் கிடைத்தது. இரு ஊர்களுமே போரின் வடுவைத் தாங்கியவை. ஜேர்மனி என்று தவறாக நினைத்து அமெரிக்க விமானங்கள் 1944 ஏப்ரல் 1இல் சவ்ஹவுசனிலும் 1945 பெப்ரவரி 22இல் ஸ்டைனிலும் குண்டு வீசின. சவ்ஹவுசனில் 40 பேரும் ஸ்டைனில் 9 பேரும் இறந்தார்கள்.

போகும் வழி முக்கியம். காலையில் ரயிலில் ஸ்டைனுக்குப் போய், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை ஓடும் கப்பலில் சவ்ஹவுசனுக்கு இறங்குங்கள். ஆற்றின் ஓட்டத்தோடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். எதிர்த்து வந்தால் இரண்டு மணித்தியாலம் அளவில் ஆகும். ஆற்றில் நீர் மிகக் குறைந்தாலோ கூடினாலோ கப்பல் ஓடாது, முதல்நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைனிலிருந்து எதிர்த்திசையில் கப்பல் ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் வரை போகும். 1414 முதல் 1418 வரை திருச்சபைப் பெருஞ்சங்கம் கூடி, ஒரு பாப்பரசரையே தேர்ந்தெடுத்த நகரம், போரிலும் தப்பியது. ஜேர்மன் பழைய நகரம் ஒன்று வேண்டுமென்றால் இது நல்ல தெரிவு. கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் கொண்டுபோங்கள். எஃப் அல்லது என் வகை அட்டை வைத்திருப்போர் முன் அனுமதியில்லாமல் எல்லை தாண்டக்கூடாது. அவர்கள் ஸ்டைனோடு நிற்பதே நல்லது.

மூர்ட்டன், பிரிபூர்: பிள்ளைகளுக்கு

ஓடியாடும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு என் முதல் தெரிவு மூர்ட்டன். பேர்ணிலிருந்து ரயிலில் சுமார் 35 நிமிடம். கூரையிட்ட மதில்மேல் கட்டணமில்லாமல் நடக்கலாம். அம்புத்துளைகள் வழியே ஒரு பக்கம் வீட்டுக் கூரைகள், மறுபக்கம் வயல்வெளி. 1476 ஜூன் 22இல் பர்கண்டியின் துணிவீரன் சார்ல்ஸ் முற்றுகையிட்டுத் தோற்ற மதில் இதுதான் என்று அங்கே நின்று சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு அது மறக்காது. ஊரே மூன்று தெருதான். கீழே ஏரிக்கரை, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை விரிக்க நல்ல இடம்.

பிரிபூர் பேர்ணிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள். 1157இல் உருவான நகரம், மேல் ஊர், ஆற்றோரக் கீழ் ஊர் என்று இரண்டு. நடுவில் 1899 முதல் ஓடும் இழுவை ரயில் ஒன்று, மேல் ஊரின் கழிவுநீரை நிரப்பி அந்தப் பாரத்தால் இறங்குகிறது. இறங்கும்போதே மற்றப் பெட்டியை மேலே இழுத்துவிடும். நம்மூர்த் துலாக் கிணற்றின் அதே கணக்கு. மூர்ட்டனும் பிரிபூரும் ஒரே நாளில் முடியும். ஆனால் பிரிபூர் ஏற்றமும் இறக்கமுமான ஊர்; தள்ளுவண்டியோடு போவோர் மூர்ட்டனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு

கூட்டம் வேண்டாம் என்போருக்கு சொலத்தூர்ன். அந்த ஊருக்குப் 11 என்ற எண்ணில் அவ்வளவு பற்று: 11 தேவாலயம், 11 நீரூற்று, பேராலயத்தில் 11 மணியும் 11 பலிபீடமும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் தாங்களே ஊரைச் சுற்றிவிடுவார்கள்.

புத்தகத்தை நேசிப்பவரோடு போனால் சென்ட்காலன். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மடாலய நூலக மண்டபமும், ஆயிரம் ஆண்டு தாண்டிய கையெழுத்துச் சுவடிகளும் ஒரு நீண்ட பயணத்துக்குத் தகும். மழை பெய்தாலும் நாள் வீணாகாது.

புறப்படும் முன்

சனிக்கிழமையே சிறந்த நாள். பேர்ணிலும் லுசேர்னிலும் செவ்வாய், சனி காலையில் சந்தை கூடும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், காலை வழிபாட்டு நேரத்தில் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க முடியாது. திங்களில் பல அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை.

பயணச்சீட்டில் கவனம் வையுங்கள். இங்கு வசிப்போர் பலரிடம் அரைக்கட்டண அட்டை இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான சுவிஸ் டிராவல் பாஸ் குறைந்தது மூன்று நாளுக்குத்தான் கிடைக்கும். ஒருநாள் பயணத்துக்கு அது தேவையில்லை. சேமிப்பு நாள்சீட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு. பேர்ணில் விடுதியில் தங்கினால் நகரப் பேருந்தும் டிராமும் இலவசம்.

கல் பாவிய தெருக்கள் காலைப் பதம் பார்க்கும். தடித்த அடியுள்ள சப்பாத்துப் போடச் சொல்லுங்கள். பொதிகளை நிலையத்துப் பெட்டகத்தில் வையுங்கள். தண்ணீர் போத்தல் வாங்க வேண்டாம். குடிக்கக்கூடாது என்று எழுதியிராத தெரு நீரூற்றுகளில் நிரப்பலாம்.

சுருக்கமாக: முதியவரோ மழையோ என்றால் பேர்ண். முதல்முறை வருகிறவர் என்றால் லுசேர்ன், அதுவும் காலையில். கோடையும் கப்பலும் சேர்ந்தால் ஸ்டைன், சவ்ஹவுசன். பிள்ளைகள் என்றால் மூர்ட்டன். அமைதிக்கு சொலத்தூர்ன், சுவடிகளுக்கு சென்ட்காலன். இரண்டு நாள் இருந்தால் பேர்ணில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மூர்ட்டனுக்குப் போங்கள். ஒரு பெரிய நகரம், ஒரு சிறிய ஊர். இந்தச் சோடி யாரையும் களைக்கவிடாது. அடுத்த விடுமுறைக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்தவுடன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நடப்பீர்கள், எதைப் பார்க்க ஆசை? ஊர் அந்தப் பதிலிலேயே முடிவாகிவிடும்.