ஆக்ஸிலரேட்டரோடு ஏறும் இரைச்சல்

ராபர்ட்சன்பேட்டை,
தங்கவயல்.

அன்புள்ள காவ்யாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போனில் அந்தச் சத்தத்தை நீ வாயாலேயே போட்டுக் காட்டினாயே, அப்போதே பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது. வண்டி நிற்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய முனகல். மிதித்தால் சீழ்க்கை மாதிரி மேலே ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. இங்கிருந்து பெங்களூர் வரை அதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவது தலைவலிதான். கடையில் ஒரு ஃபில்டரை மாட்டிக் காசு வாங்கினார்கள், சத்தம் போகவில்லை என்றாய். இனி எதையும் வாங்காதே. சத்தம் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று தெரியாமல் வாங்குவதெல்லாம் குருட்டு வைத்தியம்.

அந்தச் சீழ்க்கை ஆல்டர்னேட்டருடையது. அதில் உண்டாவது மூன்று ஃபேஸ் ஏ.சி. மின்சாரம். டயோடுகள் அதை டி.சி.யாக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. ஆனாலும் மேலே சின்னச் சின்ன அலை மிச்சமிருக்கும். பன்னிரண்டு துருவ ரோட்டர் என்று வைத்துக்கொள், ஒரு சுற்றுக்கு 36 அலை. இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும்போது, புல்லி விகிதத்தால் ஆல்டர்னேட்டர் சுமார் 2000 சுற்று ஓடும். கணக்குப் போட்டுப் பார், வினாடிக்கு 1200 அலை. காதுக்குத் தெளிவாகக் கேட்கிற சுருதி அது. மிதிக்க மிதிக்கச் சுருதியும் ஏறும்.

இந்த அலை எல்லா வண்டியிலும் உண்டு. உன் வண்டியில் மட்டும் அது பாட்டுக்குள் புகுந்தது எப்படி என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை நம் ஊர் ரொம்பப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் ஓயாமல் கொட்டுகின்றன. நீட்டிய உள்ளங்கையில் வினாடிக்கு ஒன்றாவது விழும். அந்தக் கூச்சலுக்கு நடுவே, எப்போதோ ஒரு முறை தடயம் விடும் நியூட்ரினோ என்ற துகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பம்பாயின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து, நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கருவிகளை இறக்கினார்கள். மேலே இருந்த பாறை மியூவான்களை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடயம் அங்கே பதிவானது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் அது நடந்தது. கருவிக்குள் வந்துவிட்ட கூச்சலை அப்புறம் வடிகட்டலாம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வருகிற வழியையே அடைத்தார்கள். நம் லைன் வீடுகளுக்கு அடியில் நடந்த வேலை அது. நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். போனைச் சார்ஜரில் செருகிக்கொண்டே ஆக்ஸ் ஒயரில் பாட்டுக் கேட்கிறாயா? அப்படியானால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேள். சத்தம் நின்றால் வேலை அங்கேயே முடிந்தது. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னொரு எர்த் என்று போன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நிற்கவில்லையா? இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் கேள். சீழ்க்கை போய்விட்டால் ஆல்டர்னேட்டர்தான் என்று உறுதி. பிறகு இன்ஜினை ஓடவிட்டு வால்யூமைக் குறை. வால்யூமோடு சத்தமும் குறைந்தால் அது ஸ்டீரியோ செட்டுக்குள்ளேயோ அதற்கு முன்னாலேயோ நுழைகிறது. வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் அப்படியே கேட்டால் செட்டுக்குப் பின்னால்: செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஆர்.சி.ஏ. ஒயரில், இல்லை டிக்கியில் இருக்கும் அந்த ஆம்ப்பில்.

அடுத்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்ப்பிலிருந்து ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்று. அணைக்காமல் கழற்றவே கழற்றாதே. சில செட்டுகளில் அந்த ஒயரின் எர்த்துக்கு உள்ளே ஒரு பொடி பியூஸ் இருக்கும், மின்சாரம் ஓடும்போது பிடுங்கினால் அது எரிந்துபோய்ப் புதிதாக இன்னொரு இரைச்சல் கிளம்பும். கழற்றியபின் இன்ஜினைப் போட்டுக் கேள். ஆம்ப் அமைதியாகிவிட்டால் அதன் மேல் குற்றமில்லை. கடைசியாக, சார்ஜரில் இல்லாத ஒரு போனை நேராக ஆம்ப்பில் செருகிப் பாட்டுப் போடு. அதுவும் சுத்தமாக வந்தால், செட்டுக்கும் ஆம்ப்புக்கும் இடையேதான் கோளாறு. பத்தில் எட்டு வண்டியில் நான் பார்த்தது இதுதான்.

அந்தக் கோளாறு என்னவென்று புரிந்துகொள். செட் டேஷ்போர்டு பக்கம் பாடியில் எர்த் எடுக்கிறது, ஆம்ப் டிக்கியில் எடுக்கிறது. இரண்டும் ஒரே இரும்புதானே என்று தோன்றும். ஆனால் கரன்ட் கூடினால் வழியில் வோல்ட் இழப்பு உண்டு. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் இந்தச் சுரங்கங்களுக்கு 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தபோது பல ஆயிரம் வோல்ட்டில் அனுப்பினார்கள். வோல்ட் கூடினால் கரன்ட் குறையும், வழியில் இழப்பும் குறையும். காரில் நிலைமை தலைகீழ். இருப்பது வெறும் 12 வோல்ட், 300 வாட் ஆம்ப் என்றால் 25 ஆம்பியர் இழுக்கும். பெயின்ட்டின் மேல் முறுக்கிய ஸ்க்ரூவில் 0.02 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் அங்கே நின்றுவிடும். ஆல்டர்னேட்டரின் அலையும் அதன் மேலேயே ஆடும். ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிப்பின்னல் இரண்டு எர்த்துகளையும் இணைப்பதால் அந்த ஆட்டம் பின்னல் வழியே ஓடிப் பாட்டோடு கலந்துவிடுகிறது.

இதை ஓம் மீட்டரில் பார்க்க முடியாது, மீட்டர் ஒயரின் தடையே அதைவிட அதிகம். மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வை. ஒரு முனை பேட்டரியின் மைனஸில், இன்னொரு முனை ஆம்ப்பின் எர்த் டெர்மினலில். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், பாட்டும் உரக்கப் போகட்டும். நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த்தைச் சரிசெய். இன்ஜினை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட்டு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய். லக் வைத்து இறுக்கு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு, துரு பிடிக்காது. எர்த் ஒயர் அரை மீட்டருக்குள், பவர் ஒயரின் பருமனிலேயே இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்காதே. அது உன் உயிரைப் பிடித்திருக்கிற போல்ட்.

கார்ப்பெட்டைத் தூக்கிப் பார். பவர் ஒயரும் ஆர்.சி.ஏ. ஒயரும் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு போனால் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் ஓட்டு. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

சத்தம் சீழ்க்கையாக இல்லாமல் டக் டக் என்று வந்தால் அது வேறு வியாதி. ஸ்பார்க் பிளக்கின் பொறி அது. ஆதியில் வானொலி அலையை அனுப்பியதே மின்பொறியால்தான், அதனால் இக்னிஷன் சரியில்லாத கார் நடமாடும் டிரான்ஸ்மிட்டர். ரெசிஸ்டர் உள்ள பிளக்கும் நல்ல பிளக் ஒயரும் போட்டால் அடங்கும்.

பேட்டரி முனையிலேயே ஏ.சி. அரை வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதே, பேட்டரியும் கெடும். ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பா விற்கிறார்கள், அதை இவ்வளவும் பார்த்தபின் கடைசியாக யோசிக்கலாம். மலிவான டப்பாவில் தபேலாவின் அடிநாதம் மெலிந்துபோகும், எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்து பார். எந்தச் சோதனையில் சத்தம் மாறியது, எதில் மாறவில்லை, மீட்டரில் எவ்வளவு காட்டியது என்று ஒரு தாளில் குறித்து வை. ஊருக்கு வரும்போது அந்தத் தாளோடு வா. என் மீட்டரையும் எடுத்து வைக்கிறேன், டிக்கியை இருவரும் சேர்ந்தே திறக்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா