கமலாப் பழமும் தயிர்க் கட்டியும்

கமலாப் பழம் மலிந்து கிடைக்குங்கால் அதைப் பிழிந்து சக்கையை எறிவதினும், சுளையாகவே தயிர்க் கட்டியுடன் கலந்துண்பது நலம். புளியாத கெட்டித் தயிர் 1/2 லிட்டரைத் தூய மெல்லிய துணியில் முடிந்து, ஈ மொய்க்காத குளிர்ந்த இடத்தில் 6 மணி நேரம் தொங்கவிட்டால், நீர் வடிந்து வெண்ணெய் போன்ற கட்டி எஞ்சும். வடிநீரைக் கொட்டலாகாது, கஞ்சியிற் சேர்க்கலாம்.

நான்கு பழங்களை உரித்து, வெள்ளை நாரையும் விதையையும் அறவே நீக்குக. விதை நறுங்கினால் கலவை முழுதும் கசப்பேறும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் உதவா. புளிப்புப் பட்டுக் களிம்பு ஊறி உணவு நஞ்சாகும். செம்பு வைட்டமின் ஸியையும் விரைந்து அழிக்கும். பீங்கான் கிண்ணமே ஏற்றது. தேன், மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைப் பரிமாறும் வேளையிலேயே சேர்க்க வேண்டும். முன்னரே சேர்ப்பின் சாறு கசிந்து கட்டி நீர்த்துவிடும்.