111-ஐ அழைக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு மனநோய் முற்றும்போது போலீசாரை அழைக்கப் பயமாக இருக்கிறது. அவர்களுக்கு இதற்குப் பயிற்சி உண்டா?
(ஒரு வாசகி, ஆக்லாந்து)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. காதில் குரல்கள் கேட்டு நடுங்குபவரைச் சீருடையும் அதட்டலும் மேலும் மிரள வைக்கும். 1987இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மனநிலை குலைந்த ஓர் இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே அங்கே காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி பிறந்தது. தணிந்த குரல், விலகி நிற்பது, ஒருவர் மட்டும் பேசுவது, அவசரப்படாமை ஆகியவைதான் பாடம். நோயை அனுபவித்தவர்களும் குடும்பத்தாரும் காவலர்களுடன் பேசுவார்கள். என் பார்வையில் அதுவே பயிற்சியின் உயிர்.

நியூசிலாந்தில், 2020இல் வெலிங்டனில் காவலர், ஆம்புலன்ஸ் ஊழியர், மனநல நர்ஸ் மூவரும் சேர்ந்து செல்லும் குழு தொடங்கியது. ஆக்லாந்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அப்படியொரு குழு வேண்டும். ஆனால் 2024 நவம்பரில் போலீசார் மனநல அழைப்புகளிலிருந்து படிப்படியாக விலகத் தொடங்கினார்கள். அவர்கள் இடத்தில் நர்ஸ் வந்தால் நல்லது. யாருமே வராவிட்டால் ஆபத்து.

உயிருக்கு ஆபத்தென்றால் தயங்காமல் 111 என்ற அவசர எண்ணை அழையுங்கள். நோயின் பெயர், மருந்துகள், கையில் ஆயுதம் உண்டா, என்ன சொன்னால் அமைதியாவார் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மற்ற வேளைகளில் உங்கள் பகுதியின் மனநல நெருக்கடிக் குழுவை அழைக்கலாம். 1737 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் ஆலோசகர் கிடைப்பார். தம்பி தெளிவாக இருக்கும் ஒரு நாளில், அவரிடமே கேட்டு இதையெல்லாம் எழுதி வையுங்கள்.