பயிற்சி வாளும் சுங்கச் சட்டமும்

வாளென்னுஞ் சொல் ஒன்றேயாயினும் அது குறிக்கும் பொருள்கள் பலவாம். பகைவரை வெட்டுதற்குரியதும் வாளே. மாணாக்கன் கைப்பழகுதற்குரியதும் வாளே. பெண்ணாடத்திலுள்ள ஒருவன் பிறநாட்டினின்று பயிற்சி வாள் தருவிப்பானாயின், இவ்வேறுபாட்டை முன்னரே உணர்தல் இன்றியமையாதது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்குதற்கோ காத்தற்கோ ஆயுதமாக அமைக்கப்பட்ட பொருள்களையே ஆயுதமென வரையறுக்கின்றது. வீட்டிற்கும் உழவிற்குமே உரிய தடியும் கைத்தடியும் அதன்கட் சேரா. விளையாட்டுப் பொருளாகவன்றிப் பயன்படாதனவும், மெய்யாயுதமாக மாற்றவியலாதனவும் சேரா. ஏனைய ஆயுதங்களை நாட்டினுட் கொணர்தற்கு, 10-ஆம் பிரிவின்படி, பொதுவாக உரிமம் வேண்டும். ஆதலின், கூரற்ற இரும்பு வாளைக் காணுங்கால், தீட்டினாற் கூராகுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

சுங்க அட்டவணையும் இவ்வாறே பகுக்கின்றது. வாள்கள் 93-ஆம் அதிகாரத்திற் படைக்கலங்களோடு வைக்கப்பெற்றன. 'ஃபாயில்' என்னும் விளையாட்டு வாளோ, 95-ஆம் அதிகாரத்தில் விளையாட்டுப் பொருள்களோடு சேர்க்கப்பெற்றது.

சென்னையைச் சார்ந்த பவானி தேவி, தொடக்கத்தில் மூங்கிற் கோல்களாற் பழகி, விலையுயர்ந்த வாள்களைப் போட்டிக்கெனப் போற்றிவைத்தார். 2021-இல் நிகழ்ந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வாட்போரிட்ட முதல் இந்தியர் அவரே.

ஆகவே, வாள் தருவிப்போர் விலைச்சீட்டில் 'வாள்' என்று மட்டும் எழுதுவித்தல் போதாது. செய்பொருள், நீளம், கூர், பயன் ஆகியவற்றை உள்ளவாறு குறிப்பித்தல் வேண்டும். உரிமம் வேண்டுமோ என்னும் ஐயத்தைப் பணஞ் செலுத்துமுன் தீர்த்துக்கொள்க. மெய்வாளைப் பொம்மையென மறைத்தல் பொய்யாம்; பொய்யாற் பெற்ற கருவி நமக்கு ஒழுக்கம் பயிற்றுமோ?