சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு: ஆயத்தமும் மதிப்பெண்ணும்

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லையை ஒட்டியது குப்பம். இங்குத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு சட்டம் பயில விரும்பும் மாணவர், ஆந்திர மாநிலத்தின் 'லாசெட்' நுழைவுத் தேர்வைத் தெலுங்கு அல்லது ஆங்கில மொழியறிவைக் கொண்டே எழுத வேண்டும்; தமிழில் வினாத்தாள் இல்லை. ஆகவே, 'ஒப்பந்தம்', 'தீங்கியல்' போன்ற சொற்களின் பொருளைத் தாய்மொழியில் உணர்ந்து, தேர்வு மொழியில் அவற்றை அடையாளங்காணப் பழகுவதே முதற்படியாகும்.

வினாக்கள் 120, நேரம் 90 நிமிடங்கள். அதாவது, வினா ஒன்றுக்கு 45 விநாடிகளே கிட்டும். பொது அறிவும் மனத்திறனும் 30, நடப்பு நிகழ்ச்சிகள் 30, சட்டம் பயிலும் திறன் 60 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன. சரிபாதி இறுதிப் பகுதிக்கே உரியதாதலால், அரசியலமைப்பையும் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளையும் முதலில் பயில்வது நலம்.

தவறான விடைக்கு இத்தேர்வில் மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எனவே, எவ்வினாவையும் விடுதல் கூடாது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' தேர்விலோ, ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் குறையும். அங்கு ஆராயாது ஊகித்தல் இழப்பைத் தரலாம்.

கடிகாரத்தை முன்வைத்து மாதிரித் தேர்வுகளை எழுதி, பிழைகளை அறியாமை, மொழித் தடை, அவசரம் என வகைப்படுத்தினால், அடுத்து எதைத் திருத்த வேண்டும் என்பது மாணவருக்குத் தெளிவாகும்.